காதுக்குள் இருக்கும் ரசமட்டம்

"ஏன்டா, பாதியில கரண்டு போச்சுன்னா மேலயே தொங்கிக்கிட்டு இருக்கணுமா?"

அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான். அரையாண்டு லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வொண்டர்லா சென்னைக்குப் போகலாம் என்று மாமா சொன்ன நாளிலிருந்து திண்டுக்கல் பக்கத்துச் செம்பட்டி வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிள்ளைகள் இருவரும் இதுவரை ஏறிய பெரிய ராட்டினம் மதுரை தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் சுற்றியதுதான். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் பரவையில் இருக்கும் அதிசயம் பூங்காவைக்கூட பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவர்கள் முதல்முறையாக, திருப்போரூருக்குப் பக்கத்தில் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த பெரிய பூங்காவுக்குக் கிளம்புகிறார்கள். அக்காவுக்கு ஒரு தாளில் நாலு குறிப்பு எழுதித் தரலாம் என்று உட்கார்ந்தேன். அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் ஒரு அறிவியல் இருந்தது. தாள் போதவில்லை.

கரண்டுக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் வண்டிக்கு இன்ஜின் கிடையாது. பழனி மலையில் வின்ச்சில் ஏறியவர்களுக்கு இதன் முதல் பாதி தெரியும்: மேலே இருக்கும் மோட்டார் கம்பியால் இழுக்கிறது, பெட்டி ஏறுகிறது. கோஸ்டரில் கம்பிக்குப் பதிலாகப் பெரும்பாலும் சங்கிலி. உச்சிக்குப் போனதும் சங்கிலி விட்டுவிடும். அதற்குப் பிறகு நடக்கிற இறக்கம், ஏற்றம், வளைவு, சுழல் எல்லாம் புவியீர்ப்பின் வேலை. மேலே இழுத்தபோது செலவழித்த மின்சாரம் உயரமாகச் சேர்ந்திருக்கிறது. இறங்கும்போது அந்த உயரம் வேகமாக மாறுகிறது, ஏறும்போது வேகம் மறுபடி உயரமாகிறது. உராய்வும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வருவதால்தான் இரண்டாவது மேடு முதல் மேட்டைவிடத் தாழ்வாக இருக்கும்.

ஆகவே வண்டி உச்சியைத் தாண்டிய பிறகு கரண்டு போனால் ஒன்றும் ஆகாது, சுற்றை முடித்துக்கொண்டுதான் வரும். ஏறும்போது போனால் ஏறிய இடத்திலேயே நிற்கும். பின்னால் உருண்டுவிடாதபடி, வண்டிக்கு அடியில் உள்ள கொக்கி ஒன்று தடத்தில் வரிசையாக இருக்கும் பற்களில் விழுந்து விழுந்து ஏறுகிறது. ஏறும்போது கேட்கும் 'டக் டக் டக்' அந்தக் கொக்கியின் சத்தம். பலருக்கு அது பயத்தைக் கூட்டுகிறது. உண்மையில் ஒவ்வொரு 'டக்'கும் இனி இதற்குக் கீழே வண்டி போகாது என்ற உறுதி. ஏற்றத்தின் ஓரமாகவே படிக்கட்டும் வைத்திருப்பார்கள்.

நிறுத்துவது எப்படி என்பது இதைவிட அழகானது. நவீன கோஸ்டர்களிலும், உயரத்திலிருந்து பொத்தென்று கீழே விடும் கோபுரங்களிலும் காந்த பிரேக் இருக்கிறது. செம்பு அல்லது அலுமினியத் தகடு ஒன்று, இரண்டு வரிசை நிலைக்காந்தங்களுக்கு நடுவே பாய்கிறது. காந்தம் செம்பையும் அலுமினியத்தையும் இழுக்காது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அசையும் தகட்டுக்குள் காந்தப்புலம் சுழல் சுழலாக மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, அசைவை எதிர்க்கிறது. 1834-இல் லென்ஸ் சொன்ன விதி இது. ஒரு நீளமான செம்புக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, வலுவான சிறு காந்தத்தை உள்ளே போட்டுப் பாருங்கள். எண்ணெயில் விழுந்ததுபோல மெல்ல மெல்ல இறங்கும். தகடும் காந்தமும் ஒன்றையொன்று தொடுவதில்லை, மின்கம்பி எதுவும் வருவதில்லை. ஊரே இருட்டானாலும் இது வேலை செய்யும். கடைசியாக வண்டியைப் பிடித்து நிறுத்தும் பிரேக்குகளையும் பெரும்பாலும் காற்றழுத்தம் இருந்தால் திறக்கும், அழுத்தம் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் வகையில்தான் அமைக்கிறார்கள். லாரியில் ஏர் பிரேக் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாமாவுக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது.

வேகத்தை மனதில் பிடித்துக்கொள்ள நம் ஊர்க் கணக்கு ஒன்று. நன்றாக வளர்ந்த தென்னை 20 மீட்டர் இருக்கும். அதன் உச்சியிலிருந்து விழும் காய் தரையைத் தொடும்போது ஏறக்குறைய மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் கோஸ்டரும், உராய்வைக் கழிக்காவிட்டால், அதே 70-தான். 30 மீட்டர் என்றால் 87. வண்டியில் இருப்பவர்கள் குண்டா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வராது. இதைச் சொன்னபோது அக்காவின் சின்னவன் தன் அத்தையைத் திரும்பிப் பார்த்தான். அத்தை, 'அப்ப நானும் வரலாம்' என்றாள்.

எந்த சீட்டில் உட்காருவது? செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு போகும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குப் பாலம் வந்தால் என்ன ஆகும் என்று தெரியும். அங்கே தூக்கிப் போடுவதற்குக் காரணம், அந்த சீட்டு பின்சக்கரத்தையும் தாண்டிப் பின்னால் இருப்பது. கோஸ்டரிலும் கடைசிப் பெட்டிதான் தூக்கிப் போடும், ஆனால் காரணம் வேறு. முதல் பெட்டி உச்சியைக் கடக்கும்போது வண்டி மெதுவாகப் போகிறது, ஏனென்றால் பின்னால் உள்ள பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் உள்ள பெட்டிகளெல்லாம் சரிவில் பாய ஆரம்பித்துவிட்டன. அது உச்சியை வேகமாகத் தாண்டி இழுபடுகிறது. உடம்பு மேலே போக, சீட்டு கீழே போகிறது. வயிற்றுக்குள் ஜில்லென்று ஒன்று எழும்புமே, அந்த உணர்வு அங்கே அதிகம்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் சிறுநீரகக் கல்லை வைத்து. அமெரிக்காவில் டேவிட் வார்ட்டிங்கர் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர், ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் 'பிக் தண்டர் மவுன்டன்' என்ற கோஸ்டரில் ஏறிய ஒவ்வொரு முறையும் ஒரு கல் வெளியேறியது என்றார். மருத்துவர் அதைத் தள்ளிவிடவில்லை. முப்பரிமாண அச்சில் வார்த்த சிலிகோன் சிறுநீரகம் ஒன்றைச் செய்து, அதில் சிறுநீரையும் உண்மையான கற்களையும் வைத்து, முதுகுப் பையில் போட்டுக்கொண்டு 20 முறை ஏறினார். முன்சீட்டில் கல் நகர்ந்து வெளியேறியது 17 சதவீதம், பின்சீட்டில் 64 சதவீதம். 2016-இல் இது மருத்துவ இதழில் வந்தது. கல் இருப்பவர்கள் இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. முதல்முறை ஏறுபவர்கள் நடுவில் உட்காரலாம். முன்சீட்டில் வேகம் தெரியும், காட்சி தெரியும், ஆனால் தூக்கிப் போடுவது குறைவு.

பொருட்காட்சியில் நாம் 'கொலம்பஸ்' என்று சொல்லும் ஊஞ்சல் கப்பலுக்கும் இதே யோசனை பொருந்தும். நடுவில் இருப்பவர் அதிகம் ஏறுவதில்லை, ஓரத்தில் இருப்பவர்தான் வானத்துக்குப் போகிறார். பயப்படும் பிள்ளையை ஓரத்தில் வைத்துவிட்டு 'ஒண்ணும் ஆகாது' என்று ஆறுதல் சொல்வதைவிட, நடுவில் உட்கார வைப்பது நல்லது.

வொண்டர்லா சென்னையில் பேசப்படும் கோஸ்டரின் பெயர் 'தஞ்சோரா'. தஞ்சாவூரை நினைவுபடுத்தும் பெயர், செய்தது சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மாபியார் நிறுவனம். இதில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், கால்கள் அந்தரத்தில் தொங்கும். அந்த நிறுவனம் இந்த வகை கோஸ்டரை உலகில் முதன்முதலாக 1992-இல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவில் ஓட்டிக் காட்டியது. கால் தொங்கும் வண்டியில் செருப்பு நிற்காது. பையில் சில்லறை, மூக்குக்கண்ணாடி, செல்போன் எதுவும் இருக்கக் கூடாது. தூக்கிப் போடும் அந்த நொடியில் பைக்குள் இருப்பதும் எடை இழக்கிறது. உடம்பை சீட்டோடு பிடித்துக்கொள்ளப் பூட்டு இருக்கிறது, பைக்குள் இருக்கும் சாவிக்கு அது இல்லை.

தலைகீழாகப் போகும் வளையம் ஏன் முழு வட்டமாக இல்லாமல், நீர்த்துளியைப்போல மேலே குறுகி இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் சரியான வட்டமாக ஒரு வளையம் கட்டினார்கள். சமதளத்தில் வந்த வண்டி சட்டென்று வட்டத்துக்குள் நுழையும்போது பயணிகளின் எடை ஒரே அடியில் பல மடங்காகிக் கழுத்து நொந்தது. சிலகாலத்தில் அதைக் கைவிட்டார்கள். ஏறத்தாழ 80 ஆண்டு கழித்து, 1976-இல், வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் வளைவைச் சிறுகச் சிறுக இறுக்கும் வடிவத்தைக் கலிபோர்னியா பூங்கா ஒன்றுக்கு வகுத்துக் கொடுத்தார். ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் நேர்க்கோட்டிலிருந்து வளைவுக்குப் போக எஞ்சினியர்கள் பயன்படுத்தும் அதே வளைவு. கீழே வேகம் அதிகம், அங்கே வளைவு அகலம். மேலே வேகம் குறைவு, அங்கே வளைவு இறுக்கம். பயணிக்குத் திடீர் அடி இல்லை. ஆனாலும் பள்ளத்தின் அடியில் உங்கள் எடை மூன்று மடங்காகத் தோன்றலாம். 60 கிலோ ஆள் 180 கிலோவாக உணர்வார். தலையும் அப்படியே கனக்கும். தலையைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள், கைபிடிக்கக் குனியாதீர்கள், தொடைத் தசையை இறுக்குங்கள். இருதய நோய், கழுத்து முதுகுப் பிரச்சினை, கர்ப்பம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று பலகை வைத்திருப்பது இந்த மூன்று மடங்குக்காகத்தான்.

இனி அக்காவின் பெரிய கவலை: வாந்தி. பெரியவளுக்கு வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் பத்துக் கொண்டை ஊசி வளைவு போதும், முகம் வெளுத்துவிடும். அவளைக் கூட்டிப் போவதா வேண்டாமா?

பதில் காதுக்குள் இருக்கிறது. நம் காது கேட்பதற்கு மட்டும் அல்ல. உள்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக, உள்ளே திரவத்தோடு. தலை திரும்பினால் குழாய் திரும்புகிறது, திரவம் கொஞ்சம் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் அங்குள்ள மெல்லிய மயிரணுக்களை வளைக்கிறது, திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. பக்கத்தில் இரண்டு சிறு பைகள். அவற்றில் மிகச் சிறிய கற்கள், முட்டையோட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். தலை சாய்ந்தால், வண்டி கிளம்பினால், பிரேக் அடித்தால் அந்தக் கற்கள் நகர்ந்து சொல்கின்றன. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டம் காதுக்குள்ளேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

இந்த ரசமட்டத்தை ஏமாற்றலாம் என்பதைக் குழந்தைகள் எல்லாரும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கைகோத்துத் தட்டாமாலை சுற்றினால் கொஞ்ச நேரத்தில் குழாயோடு சேர்ந்து திரவமும் சுழல ஆரம்பித்துவிடும். நின்றதும் குழாய் நின்றுவிடும், திரவம் நிற்காது. எதிர்த்திசையில் சுழல்கிறோம் என்று மூளைக்குத் தப்பான செய்தி போகிறது, வீடும் மரமும் சுற்றுகின்றன. ஆகவே ஒரே திசையில் வெகுநேரம் சுழலும் ராட்டினம், பயங்கரமாகத் தெரியும் கோஸ்டரைவிட அதிகம் குமட்டும். கோஸ்டரில் ஒவ்வொரு வளைவும் நொடிகளில் முடிந்துவிடும், தேநீர்க் கோப்பை ராட்டினம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியவளுக்கு நான் சொன்னது: கோஸ்டரில் ஏறு, கோப்பையில் ஏறாதே.

குமட்டல் வருவது கண்ணும் காதும் வேறு வேறாகச் சொல்வதால். மலைப்பாதையில் பஸ்ஸுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தால் கண் 'அசைவில்லை' என்கிறது, காது 'வளைகிறோம்' என்கிறது. டிரைவருக்கு வாந்தி வராது, ஏனென்றால் அடுத்த வளைவு அவருக்கு முன்கூட்டியே தெரியும், அவருடைய மூளை அதை எதிர்பார்த்திருக்கிறது. இந்தக் குழப்பத்துக்கு வயிறு ஏன் பதில் சொல்ல வேண்டும்? 1977-இல் மிஷெல் ட்ரைஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்து வைத்தார். இயற்கையில் கண்ணும் காதும் முரண்படுவது பெரும்பாலும் நஞ்சு தின்றால்தான், அதனால் உடம்பு தின்றதை வெளியே தள்ளுகிறது என்று. முடிந்த முடிவாக எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றாலும், யோசிக்கத் தூண்டும் கருத்து.

ஆகவே குமட்டல் வரும் பிள்ளை கண்ணைத் திறந்து, வண்டி போகும் திசையை, அதுவும் தொலைவைப் பார்க்க வேண்டும். அம்மா முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கக் கூடாது, சுழலும்போது தலையை ஆட்டக் கூடாது. அசையும் நாற்காலியில் உட்கார்த்திப் படம் காட்டும் கொட்டகையில் மட்டும் தலைசுற்றினால் கண்ணை மூடிக்கொள்ளலாம், அங்கே முரண்பாட்டைக் கிளப்புவது கண்தான். இரண்டு ரைடுக்கு நடுவே பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்தால் திரவம் அடங்கிவிடும். இஞ்சி மரப்பா ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. நம் பாட்டிமார் மலைப்பயணத்துக்கு அதைத்தான் முந்தானையில் முடிந்து வந்தார்கள். மருந்து வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் ஆரம்பித்த பிறகு பலன் குறைவு.

காதைப் பற்றி இன்னொன்று, நீர்ப்பகுதிக்கு. வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் தலைசுற்றுகிறது, சூடாக இருந்தாலும் சுற்றுகிறது, ஆனால் கண்கள் துடிக்கும் திசை மாறுகிறது என்று கவனித்தார். வெப்பநிலை மாற்றத்தால் குழாயில் உள்ள திரவம் தானே ஓடத் தொடங்குகிறது. பாய்லரில் சூடான நீர் மேலெழுவதுபோல. அந்தக் கண்டுபிடிப்பின் வழியே வந்த ஆராய்ச்சிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. நீர்ச்சறுக்கில் இறங்கி ஒரு காதில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் புகுந்து தலை கிறுகிறுத்தால், பயப்பட வேண்டாம். கரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடிய விடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால், எந்த நாளில் போவது என்று முடிவு செய்ய வேண்டும். இதில்தான் மாமாவோடு வாக்குவாதம். அரையாண்டு லீவு வேண்டாம் என்றேன். 'கூட்டம் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதானே' என்றார். அவ்வளவுதான் இல்லை. 1909-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், எத்தனை இணைப்புக்கு எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று கணக்குப் போட்டார். வரிசைகளின் கணிதம் அங்கே பிறந்தது. அதன் எளிய மாதிரி ஒன்றில், கொள்ளளவில் 90 சதவீதம் ஆட்கள் வந்தால் சராசரியாக 9 பேர் நிற்கிறார்கள். 99 சதவீதம் வந்தால் 99 பேர். வந்தவர்கள் கூடியது பத்தில் ஒரு பங்கு, வரிசை கூடியது பதினொரு மடங்கு. தைப்பூச நாளில் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் நம் ஊர் வழியே போவதைப் பார்த்தவர்களுக்கு இது நம்பமுடியாத கணக்கு அல்ல. மாமா அதற்குப் பிறகு பேசவில்லை, நாள்காட்டியை எடுத்தார்.

நாங்கள் கண்டுபிடித்த வழி: உள்ளூர் விடுமுறை. திண்டுக்கல் மாவட்டத்துக்கு மட்டும் கலெக்டர் விடும் வேலைநாள் விடுமுறையில், செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அது செவ்வாய், புதன் என்று வந்தால் இன்னும் நல்லது.

வரிசையில் நின்ற பிறகும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி, சின்னப் பிள்ளைக்குப் புரியும்: முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம். வண்டிக்கு 20 பேர், மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 400 பேர். முன்னால் 200 பேர் என்றால் அரைமணி. அதே மூன்று நிமிடத்துக்கு 40 பேர் ஏறும் கப்பலுக்கு 200 பேர் நின்றால் கால்மணி. வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது நகரும் வேகத்தைப் பாருங்கள். காலையில் கேட் திறந்தவுடன் எல்லாரும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ராட்டினத்தில் குவிவார்கள். நேராக உள்ளே போய் மிகப் பெரிய கோஸ்டரில் முதலில் ஏறிவிடுங்கள். எல்லாரும் சாப்பிடப் போகும் ஒரு மணிக்கு இன்னொரு முறை ஏறலாம். நீர்ப்பகுதி எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அதை நடுவில் வைத்து நாளைப் பிரித்துக்கொள்ளலாம்.

போகும் வழி: திண்டுக்கல்லில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டில் இறங்கினால் அங்கிருந்து திருப்போரூருக்கு நேர்ச் சாலை. பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாகப் போகலாம். முடிந்தால் முதல் நாளே போய் ஒரு இரவு தங்குங்கள். தூக்கம் கெட்ட உடம்புக்குக் குமட்டல் சீக்கிரம் வரும்.

காலைச் சாப்பாடு இட்லி போதும், ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு. காலி வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். நெய்யும் எண்ணெயும் சேர்ந்த சாப்பாடு வயிற்றில் வெகுநேரம் தங்கும். சீரகச் சம்பா பிரியாணியை ஊர் திரும்பிய பிறகு திண்டுக்கல்லில் வைத்துக்கொள்ளலாம்.

வெயிலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். நம் சமவெளி வெயில் காய்ந்த வெயில், வேர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும். திருப்போரூர் கடலுக்குப் பக்கம். அங்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, வேர்வை வழியுமே தவிர உலராது. உடம்பைக் குளிர்விப்பது வேர்வை அல்ல, வேர்வை ஆவியாவது. ஒரு கிராம் ஆவியானால் ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. வழிந்து சொட்டும் வேர்வை எதையும் எடுத்துப் போவதில்லை, உப்பையும் நீரையும் மட்டும் இழக்க வைக்கிறது. வெறும் தண்ணீரோடு உப்பும் சேர வேண்டும்: மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல். தண்ணீருக்குள் விளையாடும்போது வேர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. பிள்ளைகளின் சிறுநீர் மஞ்சள் அடர்ந்தால் குடிக்க வையுங்கள்.

நீர்ப்பகுதியில் பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை என்றதும் அக்காவுக்குச் சங்கடம். காரணம் தெரிந்ததும் ஒத்துக்கொண்டாள். சறுக்கில் உடம்பைத் தாங்குவது மெல்லிய நீர்ப்படலம். பருத்தி அந்த நீரை உறிஞ்சிக் கனத்து, உடம்பில் ஒட்டி, சறுக்கைப் பிடித்து இழுக்கும். நடுவில் நின்றால் பின்னால் வருபவர் மோதுவார். நைலான் உறிஞ்சாது. உடம்பை மூடிய முழுக்கை, முழுக்கால் நைலான் உடை திண்டுக்கல் கடைகளிலேயே கிடைக்கும். தாலிக்கொடியை உடைக்குள் போட்டுப் பின் குத்திக்கொள்ளலாம், மற்ற நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். தரையில் ஓடும் சிறு கார்களில் துப்பட்டாவோ விரித்த கூந்தலோ சக்கர அச்சில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கூந்தலைக் கொண்டையாகக் கட்டி, தலைக்கவசத்துக்குள் அடக்கிய பிறகே ஏற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அலைக்குளத்தில் கடலலையைச் செய்வது பெரும்பாலும் காற்று. ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். ராட்சத விசிறிகள் அவற்றுக்குள் காற்றை அழுத்தி, நீரைக் கீழே தள்ளி, பிறகு விடும். தள்ளி, விட்டு, தள்ளி, விட்டு, ஊஞ்சலை ஆட்டுவதுபோலத் தாளம் பிடித்தால் குளம் முழுவதும் எழும். ஆழம் குறைந்த பக்கம் வரும்போது அலை உயர்ந்து உடைகிறது. மெரினாவில் நடப்பதும் இதுதான். சிறுவர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மூழ்கும் பிள்ளை கத்தாது, சத்தமே இல்லாமல் போகும்.

குளத்தின் மூக்கைத் துளைக்கும் வாடை குளோரினுடையது என்று நினைக்கிறோம். குளோரின் வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த வாடை, கண் எரிவதும் அதனால்தான். இறங்கும் முன் எல்லாரும் நன்றாகக் குளித்துவிட்டு வந்தால் வாடையே குறையும். நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக எடுத்துப் போகும். குழந்தையின் உடம்பு சிறியது, எடைக்குத் தோல் பரப்பு அதிகம். உச்சி வெயிலிலும் உதடு நீலம் பூத்தால் வெளியே எடுத்துத் துவட்டிவிடுங்கள்.

சின்னவன் உயரம் பார்க்கும் பலகையில் குதிகால் தூக்கி நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொன்னேன்: அந்தக் கோடு உன் வயசைப் பார்க்கவில்லை, உன் தொடையும் தோளும் பூட்டுக்குள் அடங்குமா என்று பார்க்கிறது. பூட்டு பெரிய உடம்புக்காகச் செய்தது, இடைவெளி இருந்தால் உடம்பு நழுவும். இந்த ஆண்டு இல்லையென்றால் அடுத்த ஆண்டு. பூட்டை மாட்டியபின் ஊழியர் வந்து இழுத்துப் பார்ப்பார், நீயும் ஒருமுறை இழுத்துப் பார். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று உள்ளே நுழைந்ததுமே ஓரிடத்தைக் காட்டி வைப்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள். அவன் முழங்கையில் அம்மாவின் போன் நம்பரை பால்பேனாவால் எழுதி விடுவாள்.

கடைசியாக ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். திரும்பும் இரவு, ரயிலில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடியதும், அலைக்குளம் மறுபடி வரும். உடம்பு மிதக்கும், எழும், தாழும். நாள் முழுக்க ஆடியதற்கு மூளை தன் கணக்கைத் திருத்திக்கொண்டது, ஆட்டம் நின்ற பிறகும் அந்தத் திருத்தம் சில மணி நேரம் இருக்கும். கப்பலில் போய்த் தரையிறங்கியவர்களுக்கு இது பழக்கமான உணர்வு. ரயிலின் ஆட்டமும் சேர்ந்துகொண்டால் எது தண்டவாளம், எது அலை என்று பிரித்தறிய முடியாது. பெரியவள் கீழே எட்டிப் பார்த்து, 'அம்மா, உனக்கும் ஆடுதா?' என்று கேட்பாள். அக்காவுக்கும் ஆடும். விடியற்காலையில் திண்டுக்கல்லில் இறங்கி, வத்தலக்குண்டு பஸ் பிடித்து, செம்பட்டியில் கால் வைக்கும்போது தரை நின்றிருக்கும்.